ஒரு சதுர கிலோமீட்டர் என்ன விலை? போர் இழப்புக் கணக்கைப் படிக்கும் முறை

2024-ஆம் ஆண்டு முழுக்க ரஷ்யப் படை உக்ரைனில் பிடித்த நிலம் 4,168 சதுர கிலோமீட்டர். இது வாஷிங்டனில் உள்ள போர் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. நம் நீலகிரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,565 ச.கி.மீ. அதாவது கூடலூரிலிருந்து கோத்தகிரி வரை, மசினகுடியிலிருந்து மஞ்சூர் வரை மாவட்டம் முழுவதும், அதற்கு மேல் இன்னும் அரை மாவட்டத்துக்குச் சற்று அதிகமும். அதே ஆண்டில் ரஷ்யத் தரப்புக்கு 4,27,000 பேர் இழப்பு என்று உக்ரைனின் தலைமைத் தளபதி அறிவித்தார். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 102 பேர்.

வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகளுக்கான பணியாளர் கல்லூரியும் இருக்கின்றன. அருவங்காட்டில் கார்டைட் ஃபேக்டரி. குன்னூர் வட்டாரத்தில் பட்டாளத்து ஆள் இல்லாத தெரு குறைவு. அதனால் இந்த 102 மாதிரி எண் செய்தியில் வந்தால் இங்கே பேச்சு சூடாகவே இருக்கும். ஒருவர் “இத்தனை பேரைக் காவு கொடுத்து இவ்வளவுதானா?” என்பார். இன்னொருவர் “போனவன் போனான், நிலம் கைக்கு வந்துச்சா இல்லையா?” என்பார். இரண்டு பேரும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த வகுத்தல் ஒரு வேலைக்கு நன்றாக உதவும். ஒரே படை போன மாதத்தைவிட இந்த மாதம் எவ்வளவு சிரமப்படுகிறது என்று காட்டும். யார் ஜெயிக்கிறார்கள் என்று அது சொல்லாது. ஏன் என்று புரிய, வகுத்தல் கோட்டுக்கு மேலே இருக்கும் எண் (இழந்த ஆட்கள்), கீழே இருக்கும் எண் (பிடித்த நிலம்) இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மேலே இருப்பது: ஆள் கணக்கு

ராணுவக் கணக்கில் இழப்பு என்றால் கொல்லப்பட்டோர், காயமடைந்தோர், காணாமல் போனோர், கைதியானோர் நான்கையும் கூட்டியது. மறுநாள் ரோல்காலில் பெயர் கூப்பிட்டால் குரல் கொடுக்க முடியாத அத்தனை பேரும் இதில் அடக்கம். முதல் உலகப் போரில், 1916 ஜூலை 1 அன்று, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில், பிரிட்டிஷ் படையின் இழப்பு 57,470. இதில் இறந்தவர்கள் 19,240 பேர். நம் செய்திகளில் இது பல முறை “ஒரே நாளில் 57 ஆயிரம் பேர் பலி” என்று வந்திருக்கிறது. மூன்று மடங்கு பிழை. அந்தப் பிழையோடு வகுத்தால் விடையும் மூன்று மடங்கு தவறும்.

இறந்தவர் ஒருவருக்குக் காயம்பட்டவர் மூவர் என்பது பழைய கைக்கணக்கு. கார்கிலில் 527 பேர் இறந்தார்கள், 1,363 பேர் காயமடைந்தார்கள், ஒன்றுக்கு 2.6. மலைச்சரிவில் ஸ்ட்ரெச்சர் இறக்குவதற்கே மணிக்கணக்காகும் இடத்தில் காயம் மரணமாவது அதிகம் என்பதால் விகிதம் சற்றுக் குறைந்திருப்பது வியப்பில்லை. ஹெலிகாப்டரும் பக்கத்தில் அறுவை சிகிச்சைக் கூடாரமும் இருந்தால் விகிதம் ஏறும். உக்ரைனில் இப்போது ட்ரோன் தலைக்கு மேலே நிற்பதால் பகலில் காயம்பட்டவரை இழுத்து வருவதே ஆபத்து. அங்கே விகிதம் மீண்டும் இறங்கும். ஆகவே மொத்த இழப்பு மட்டும் தெரிந்தால், இறந்தவர்கள் அதில் மூன்றிலொரு பங்கிலிருந்து நான்கிலொரு பங்கு வரை இருக்கலாம் என்று ஒரு வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை எண்ணாக வைக்காதீர்கள்.

அடுத்த சிக்கல், காயம்பட்டவர் திரும்பி வருவது. 2024 டிசம்பரில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி தம் பக்கம் 43,000 வீரர்கள் இறந்ததாகவும், காயத்துக்குச் சிகிச்சை அளித்த நேர்வுகள் 3,70,000 என்றும் சொன்னார். நேர்வுகள் என்பதைக் கவனியுங்கள். லேசான காயமும் அதில் உண்டு. ஒரே ஆள் இரண்டு முறை அடிபட்டால் இரண்டாக எண்ணப்படும். ஏறத்தாழப் பாதிப் பேர் களத்துக்குத் திரும்புவதாகவும் அவரே சொன்னார். அப்படியானால் நான்கு லட்சத்துச் சொச்சம் என்ற கூட்டுத்தொகை, படையிலிருந்து நிரந்தரமாகக் கழிந்த ஆட்களின் எண்ணிக்கை ஆகாது.

சோவியத் ராணுவக் கணக்கர்கள் இதற்காகவே இரண்டு பேரேடு வைத்தார்கள். இறந்தோர், காணாமல் போனோர், கைதியானோர் எல்லாம் திரும்பாத இழப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் மருத்துவ இழப்பு. நீண்ட போரில் எடைபோட வேண்டியது முதல் பேரேட்டையும், இரண்டாவதில் கை கால் போய் இனி வர முடியாத பகுதியையும்தான். செய்தியில் வரும் எண் எந்தப் பேரேடு என்று சொல்லப்படவில்லை என்றால் அந்த எண்ணை இரண்டு படைகளுக்கிடையே ஒப்பிடவே கூடாது.

இப்படி ஒப்பிட்டு மாட்டிக்கொண்ட பெரிய ஆட்களும் உண்டு. முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் எட்மண்ட்ஸ், ஜெர்மன் பட்டியலில் லேசான காயங்கள் விட்டுப்போயின என்று வாதிட்டு, ஜெர்மன் எண்ணோடு ஏறத்தாழ முப்பது விழுக்காடு சேர்த்தார். சோமில் ஜெர்மன் இழப்பு 6,80,000 வரை ஏறிவிட்டது. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து இழந்தது சுமார் 6,20,000. திடீரென்று தாக்கியவன் குறைவாக இழந்ததாக ஆகிவிட்டது! பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. நான்கரை லட்சத்தை ஒட்டிய எண்களையே பலர் வைக்கிறார்கள். ஒரே போர், ஒரே காகிதங்கள். எது காயம் என்ற வரையறையை நகர்த்தினால் வென்றவர் மாறுகிறார்.

எண்ணைச் சொல்வது யார் என்பதும் பார்க்க வேண்டியதே. எதிரி இழப்பைப் பற்றி ஒரு தரப்பு சொல்வது மேல்வரம்புக்குப் பக்கம் இருக்கும். தன் இழப்பைப் பற்றி அதே தரப்பு சொல்வது கீழ்வரம்புக்குப் பக்கம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பெயர் பெயராக எண்ணும் வேலை ஒன்று இருக்கிறது. மீடியாசோனா என்ற சுயாதீன ரஷ்யச் செய்தித்தளமும் பிபிசியின் ரஷ்யப் பிரிவும் இரங்கல் அறிவிப்புகள், கல்லறைகள், உள்ளூர்ச் செய்திகளிலிருந்து ரஷ்ய வீரர்களின் பெயர்ப்பட்டியலைத் திரட்டிவருகின்றன. வாரிசுச் சொத்துப் பதிவேடுகளை வைத்து மதிப்பிடும் முறையும் உண்டு. பெயர்ப்பட்டியல் எப்போதும் தரைமட்டம். உண்மை அதற்குக் கீழே போக முடியாது. எனவே வகுத்தலை ஒரு முறை தரைமட்ட எண்ணாலும், ஒரு முறை எதிரி சொல்லும் எண்ணாலும் செய்துபாருங்கள். இரண்டு விடைக்கும் இடையிலுள்ள அகலம்தான் உங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதன் அளவு.

கீழே இருப்பது: நிலம்

நிலத்தை அளப்பது எளிது போலத் தோன்றும். சாட்டிலைட் படம், வரைபடம், கோடு. ஆனால் அந்தக் கோடு யார் எப்போது போட்டது? ஒரு கிராமத்தின் கடைசி வீட்டில் இரண்டு பேர் கொடியை விரித்துப் படம் எடுத்து அனுப்பினால் அது பிடித்ததாகுமா? அவர்கள் மறுநாள் அங்கே உயிரோடு இருந்தால்தான் ஆகும். உக்ரைன் வரைபடம் போடுகிறவர்கள் இதனால் சாம்பல் பகுதி என்று ஒன்றைத் தனியாகக் காட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் ட்ரோனால் எட்டக்கூடிய, இரண்டு பக்கமும் நிலையாகக் கால் ஊன்ற முடியாத பட்டை அது. அந்தப் பட்டையைச் சேர்த்தால் ஒரு விடை, சேர்க்காவிட்டால் வேறு விடை.

எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பது இதைவிடப் பெரிய பொறி. 2022 மார்ச்சில் உக்ரைனின் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ரஷ்யா கையில் இருந்தது. அந்த ஆண்டுக் கடைசிக்குள் கீவ் பக்கமும் கார்கிவ் பக்கமும் கெர்சோன் நகரமும் கைவிட்டுப் போய், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. மார்ச்சிலிருந்து எண்ணினால் அதன் பின் நடந்த எல்லாச் சண்டைக்கும் சேர்த்து ரஷ்யாவின் நிகர நிலம் கழித்தலில் வரும். நவம்பரிலிருந்து எண்ணினால் கூட்டலில் வரும். இரண்டும் பொய் இல்லை. எழுதுகிறவர் எதை நிரூபிக்க நினைக்கிறாரோ அதற்கேற்ற தேதியில் தொடங்குவார், அவ்வளவுதான்.

மலைக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரிந்த ஒன்று, எல்லாச் சதுர கிலோமீட்டரும் ஒன்றில்லை. வரைபடம் மேலிருந்து பார்த்த தட்டை உருவம். பர்லியாரிலிருந்து குன்னூர் வரை ஏறும் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் அதில் தெரியாது. லேம்ஸ் ராக் போன்ற ஒரு முகட்டில் தொலைநோக்கியும் ரேடியோவும் வைத்திருக்கும் நான்கு பேரை உட்கார வைத்தால், அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற சாலை முழுக்க அவர்கள் பீரங்கிக்குச் சொந்தம். பரப்பு என்று அளந்தால் அந்தப் பாறை சில சென்ட் தேறும்.

கார்கில் அப்படிப்பட்ட கணக்கு. தோலோலிங்கையும் டைகர் ஹில்லையும் திரும்பப் பிடிக்க வேண்டியிருந்தது நிலப்பரப்புக்காக இல்லை. திராஸ் வழியாக லே போகும் நெடுஞ்சாலை அந்த முகடுகளின் பார்வையில் கிடந்தது. தோலோலிங் 1999 ஜூன் 13-இலும் டைகர் ஹில் ஜூலை 4-இலும் மீட்கப்பட்டன. 527 உயிரைச் சதுர கிலோமீட்டரால் வகுத்து “விலை அதிகம்” என்று ஒருவர் சொன்னால், அவர் தவறான எண்ணால் வகுத்திருக்கிறார். அங்கே கீழே போட வேண்டியது ஒரு சாலையும், அந்தச் சாலையை நம்பி இருக்கும் லடாக்கும். யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் கழுத்தான ஆனையிறவுக்கும் இதே விதி: பரப்பு சிறிது, மதிப்பு ஒரு தீபகற்பம்.

வகுத்துப் பார்ப்போம்

சோம் போர் 1916 ஜூலை 1-இல் தொடங்கி நவம்பர் 18 வரை 141 நாள் நடந்தது. நேச நாடுகள் அதிகபட்சம் முன்னேறியது ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மலை ரயிலில் குன்னூரில் ஏறி, வெலிங்டன், அருவங்காடு தாண்டிக் கேத்தியில் இறங்குகிற தூரம். லவ்டேலுக்கே போய்ச் சேரவில்லை. பிடித்த பகுதியின் அகலம் 30 கி.மீ. அளவு. முழுச் செவ்வகமாகத் தாராளமாக எடுத்துக்கொண்டாலும் 300 ச.கி.மீ. 6,20,000-ஐ வகுத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரத்துக்கும் மேல்.

உக்ரைன் 2024-ஐ நாள்கணக்காக உடைத்தால், 4,27,000-ஐ 366-ஆல் வகுக்க நாளொன்றுக்குச் சுமார் 1,167 பேர். நிலம் நாளொன்றுக்கு 11.4 ச.கி.மீ. உக்ரைனின் மொத்தப் பரப்பு 6,03,628 ச.கி.மீ. அந்த ஆண்டு பிடித்தது அதில் 0.7 விழுக்காடு. அதே வேகம் என்றால் ஒரு விழுக்காட்டுக்குப் பதினேழு மாதத்துக்கு மேல் ஆகும். இங்கே எல்லோருக்கும் கை துறுதுறுக்கும்: “அப்படியானால் முழு நாட்டையும் பிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆகும்!” தயவுசெய்து அந்தப் பெருக்கலைச் செய்யாதீர்கள். போர்முனை நேர்கோட்டில் நகராது. மாதக்கணக்காக அசையாமல் கிடந்து ஒரு வாரத்தில் சரியும். 2022 செப்டம்பரில் கார்கிவ் பகுதியில் உக்ரைன் சில வாரங்களில் 12,000 ச.கி.மீ. அளவுக்கு மீட்டது; நாலரை நீலகிரி. அதற்கு முந்தின மாதத்தின் வேகத்தை வைத்து யாரும் அதைக் கணித்திருக்க முடியாது.

திடீர்ச் சரிவு ஏன் வருகிறது என்பதற்கு இங்கே பலருக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர், கூடலூரில் அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் ஏராளம். வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என்றால் அந்த வீடுகளில் வரைபடம் வேண்டியதில்லை. 1997 மே 13-இல் இலங்கை ராணுவம் ஜெயசிக்குறு நடவடிக்கையைத் தொடங்கியது. வவுனியாவிலிருந்து ஏ9 சாலையைப் பிடித்துக்கொண்டே கிளிநொச்சி வரை போய் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி திறப்பது நோக்கம். ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடி அடியாக நகர்ந்தார்கள். 1998 செப்டம்பரில் மாங்குளத்தை எட்டிய அதே நாட்களில் கிளிநொச்சியைப் புலிகள் பிடித்துக்கொண்டார்கள். அந்த டிசம்பரில் நடவடிக்கை கைவிடப்பட்டது. 1999 நவம்பரில் புலிகளின் ‘ஓயாத அலைகள் மூன்று’ தாக்குதல் தொடங்கியதும், அத்தனை மாதம் ரத்தம் கொடுத்து வாங்கிய நிலத்தின் பெரும்பகுதி சில நாட்களில் போய்விட்டது.

காரணம் வீரக் குறைவு இல்லை, வடிவம். சாலையைப் பிடித்து முன்னேறுகிற படை ஒரு நீளமான விரல் மாதிரி எதிரி நிலத்துக்குள் நீள்கிறது. பத்து கிலோமீட்டர் முன்னேறினால் இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து என்று இருபது கிலோமீட்டர் புதிய காவல் வரிசை முளைக்கும். அந்த வரிசைக்கு ஆள், பதுங்குகுழி, சோறு, தண்ணீர், ஷெல் எல்லாம் வேண்டும். முன்னே தாக்குவதற்கு வைத்திருந்தவர்களைப் பக்கவாட்டுக் காவலுக்கு எடுக்கிறீர்கள். முன்னேற்றம் தானாகவே நிற்கிறது. வரிசை மெலிந்திருப்பதால் எதிரி ஓரிடத்தில் ஆட்களைக் குவித்து அடித்தால் உடைகிறது. பிடித்த நிலம் ஆள் தின்னும். வகுத்தல் கணக்கில் இந்தச் செலவு வருவதே இல்லை, ஏனென்றால் காவலுக்கு நிற்பவர் இழப்புப் பட்டியலில் ஏறுவதில்லை.

1918 மார்ச் 21-இல் தொடங்கிய ஜெர்மன் தாக்குதலை இதே கண்ணோடு பாருங்கள். இரண்டு வாரத்தில் சுமார் 3,100 ச.கி.மீ. பிடித்தார்கள். இழப்பு ஏறத்தாழ 2,40,000. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 77 பேர்! சோமோடு ஒப்பிட்டால் அடிமாட்டு விலை. இந்தக் கணக்கின்படி மேற்கு முனையில் அகழிப் போர் தொடங்கிய பின் நடந்த பெரிய வெற்றிகளில் இது ஒன்று. எட்டே மாதத்தில் ஜெர்மனி போரில் தோற்றது. பிடித்த நிலம் ஒரு பெரிய புடைப்பாக நீண்டது, காக்க வேண்டிய வரிசை கூடியது, போன 2,40,000 பேரில் தாக்குதலுக்கென்றே பொறுக்கி எடுத்துப் பழக்கிய ஆட்கள் நிறைய. அவர்களுக்கு மாற்று இல்லை. இதற்கு முந்தின ஆண்டு, 1917 பிப்ரவரி, மார்ச்சில், இதே ஜெர்மன் படை தானாகவே பின்வாங்கி, பின்னால் கட்டிவைத்த ஹிண்டன்பர்க் வரிசை என்ற அரண்வரிசைக்குப் போனது. நிலத்தை விட்டுக்கொடுத்தது, வரிசை சுமார் 40 கி.மீ. சுருங்கியது, பதின்மூன்று டிவிஷன் (ஒவ்வொன்றும் பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) கைக்கு மிச்சமானது. அந்தப் போரில் ஜெர்மனி செய்த புத்திசாலித்தனமான வேலைகளில் அது ஒன்று என்பது எங்கள் எண்ணம். வகுத்தல் கணக்கில் அது வெறும் தோல்வியாகவே பதிவாகும்.

மறுபக்கமும் இருக்கிறது. 1918 ஆகஸ்ட் 8 முதல் நவம்பர் 11 வரை நேச நாடுகள் கடைசித் தாக்குதலில் பத்து லட்சத்துக்கும் மேல் இழந்தன. கொடூரமான எண். போர் அதோடு முடிந்தது.

தாக்குகிறவன் மட்டும்தான் நிலத்துக்காக ஆளைக் கொட்டுகிறான் என்றும் நினைக்க வேண்டாம். சோமில் ஜெர்மன் தளபதிகள் இழந்த ஒவ்வொரு அகழியையும் உடனே மீட்க வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். எதிர்த்தாக்குதல் மேல் எதிர்த்தாக்குதல். தற்காப்பில் இருப்பவனுக்கு உள்ள சாதகத்தை அந்தக் கட்டளையே தின்றுவிட்டது. ஒரு ஊர்ப்பெயர் செய்தியில் அடிபட ஆரம்பித்துவிட்டால் அதை விட்டுவர எந்த அரசுக்கும் மனம் வராது. கிழக்கு உக்ரைனின் பாக்முட் பற்றிய சர்ச்சை முழுக்க இதுதான். போருக்கு முன் எழுபதாயிரம் பேர் வாழ்ந்த ஊர். ரஷ்யாவுக்காகச் சண்டையிட்ட வாக்னர் கூலிப்படையின் தலைவர் பிரிகோஜின் தம் ஆட்கள் மட்டும் 20,000 பேர் அங்கே செத்ததாகச் சொன்னார்.

யாருக்கு முதலில் தீரும்?

நீண்ட போரில் உண்மையான கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது: இழப்புக்கும் புது ஆள் வரத்துக்கும் உள்ள வித்தியாசம். கற்பனையாக இரண்டு படை எடுத்துக்கொள்வோம். அ படை மாதம் 30,000 பேரை இழக்கிறது, 30,000 பேரைச் சேர்க்கிறது. ஆ படை மாதம் 12,000 பேரை இழக்கிறது, 8,000 பேரைச் சேர்க்கிறது. இழப்பு விகிதத்தில் ஆ படைக்கு அமோக வெற்றி. ஒருவருக்கு இரண்டரைப் பேரை வீழ்த்துகிறது. ஆனால் ஆண்டு முடிவில் அ படை அப்படியே நிற்கும், ஆ படையில் 48,000 பேர் குறைந்திருப்பார்கள். முனை அசையாமல் இருந்தாலும் ஆ படையின் வரிசை ஒவ்வொரு மாதமும் மெலிகிறது. பிறகு ஒருநாள் அது உடையும்போது, முந்தின மாத வரைபடம் எதையும் காட்டியிருக்காது.

திருப்பியும் பார்க்கலாம். அ படை அந்த 30,000 பேரைச் சேர்க்க என்ன கொடுக்கிறது? சேரும்போது கொடுக்கும் தொகை மாதாமாதம் ஏறுகிறதா, சிறையிலிருந்து ஆள் எடுக்கிறதா, பயிற்சி எத்தனை வாரம்? தொகை ஏறிக்கொண்டே போனால் வரத்துக் குழாய் வற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். சதுர கிலோமீட்டர் எண்ணைவிட இந்த எண்ணை நாங்கள் கவனமாகப் பார்ப்போம்.

வரத்தைவிட வேகமாகக் கொன்றால் போதும் என்று வியட்நாமில் அமெரிக்கா நம்பியது. வட வியட்நாமில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் இளைஞர்கள் படை வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணைத் தாண்ட முடியவில்லை. இடையில் வேறொரு கேடு வந்தது. பிணக்கணக்குதான் வெற்றியின் அளவுகோல் என்று மேலே முடிவான பிறகு, கீழிருந்து வரும் பிணக்கணக்கு ஊதிப் பெருத்தது. பதவி உயர்வு எந்த எண்ணில் தொங்குகிறதோ அந்த எண் கெட்டுப்போகும். 1969 மே மாதம் குன்று 937-ஐப் பிடிக்கப் பத்து நாள் சண்டை, எழுபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மரணம். ஜூன் முதல் வாரத்திலேயே குன்றைக் காலி செய்தார்கள். நிலத்துக்காகச் சண்டையிடவில்லை, எதிரி அங்கே இருந்தான் என்பதால் சண்டையிட்டோம் என்றது ராணுவத்தின் விளக்கம். ராணுவத் தர்க்கப்படி அதில் பிழையில்லை. அமெரிக்க மக்களிடம் அது எடுபடவில்லை. ஆள் வரத்து தீராமலே ஒரு நாட்டின் பொறுமை தீர்ந்துபோகலாம்.

“நிலம் எங்கள் நோக்கமே இல்லை, எதிரியைத் தேய்ப்பதுதான் நோக்கம்” என்ற பேச்சைக் கேட்டால் தேதியைப் பாருங்கள். சண்டைக்கு முன்பே சொன்னதா, நிலம் கிடைக்காத பின்பு சொன்னதா? 1916-இல் பிரான்சின் வெர்டனில் பிரெஞ்சு ராணுவத்தை ரத்தம் வற்றச் செய்வதே தம் திட்டம் என்று ஜெர்மன் தளபதி ஃபால்கன்ஹைன் போருக்குப் பிறகு எழுதினார். அந்தத் திட்டக் குறிப்பின் மூலப்பிரதி எங்கும் கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். பிரான்ஸ் இழந்தது சுமார் 3,77,000, ஜெர்மனி சுமார் 3,37,000. தேய்த்த கல்லும் தேய்ந்த கத்தியும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

தீர்ந்துபோகும் பொருள் ஆள் மட்டுமில்லை. அருவங்காட்டில் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவரும் உந்துமருந்துதான் ஷெல்லைக் குழாயிலிருந்து தள்ளுவது. 1915 மார்ச்சில் இந்திய வீரர்கள் பெருமளவில் பங்கெடுத்த நவ் ஷாப்பெல் தாக்குதலுக்குப் பின் பிரிட்டனில் ஷெல் தட்டுப்பாடு அரசியல் நெருக்கடியாகவே வெடித்தது. ஷெல் குறைந்தால் அதே நிலத்துக்கு அதிக ஆள் செலவாகும். ஆகவே சதுர கிலோமீட்டருக்கான ஆள் எண்ணிக்கை திடீரென்று ஏறினால், எதிரி பலமாகிவிட்டான் என்பதற்கு முன் பீரங்கிக்குத் தீனி குறைந்ததா என்று பார்க்கலாம்.

மேசையில் நிலத்தின் விலை

பேச்சுவார்த்தை தொடங்கியதும் விலை ஏறும். நின்ற இடமே எல்லை என்று ஆகப்போகிறது என்றால் கடைசிக் குன்றுக்கும் ஆள் கொட்டுவார்கள். கொரியாவில் 1951 ஜூலையில் பேச்சு தொடங்கியது. 1953 ஜூலை 27 வரை, இரண்டு ஆண்டு, முனை பெரிதாக நகராமலே குன்று குன்றாகச் செத்தார்கள். போர்க் சாப் என்ற குன்றை அமெரிக்கப் படை பலமுறை காத்து, போர்நிறுத்தத்துக்குச் சில நாள் முன்பு, ஜூலை 11-இல், கைவிட்டது.

நம் நாட்டுக் கணக்கும் இதே மேசையில்தான் தீர்ந்தது. 1965 ஆகஸ்ட் 28-இல் பிடித்த ஹாஜி பீர் கணவாய், 1966 ஜனவரி தாஷ்கண்ட் ஒப்பந்தத்தின்படி திரும்பப் போனது. பட்டாளத்துக்காரர்களிடம் இன்றும் அந்தப் பேச்சு உண்டு. 1971 போரில் மேற்கு எல்லையில் இந்தியா பிடித்தது 13,000 ச.கி.மீ.க்கும் மேல். சிம்லா ஒப்பந்தத்தில் பன்னாட்டு எல்லைக்கு அப்பால் பிடித்ததெல்லாம், சிந்துப் பாலைவனம் உட்பட, திரும்பக் கொடுக்கப்பட்டது. காஷ்மீர்ப் பகுதியில் மட்டும் அவரவர் பிடித்ததை அவரவர் வைத்துக்கொண்டார்கள். சம்ப் பகுதி பாகிஸ்தானிடம் தங்கியது. ஷியோக் ஆற்றோரம் துர்துக், தியாக்ஷி, சலுங்கா, தாங் என்ற நான்கு கிராமங்கள் இந்தியாவில் தங்கின.